சாட்சிச் செடி

ஃப்ரிட்ஜில் டப்பா இருந்தது. செடி இல்லை.

அடுப்பின் மேல் வாணலி. அதற்குள் பூண்டோடு சேர்ந்து சுருண்டு, ஒரு கரண்டி அளவுக்குப் பச்சையாக ஏதோ கிடந்தது.

"அந்தக் கீரையா? வாடிப் போயிடும்னு வதக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கு," என்றார் அவள் வீட்டுக்காரர், மென்றுகொண்டே.

தன் தலையில் அடித்துக்கொள்வதா, அவர் தலையில் ஒன்று வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கீரையாம் கீரை! சதுப்புநிலக் காப்பகத்தில் நான்கு வருஷம் முழங்கால் சேற்றில் நின்று, அட்டைகளுக்கு ரத்ததானம் செய்து அவள் கண்டுபிடித்த செடி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி.

இன்றைக்கு விசாரணை. காப்பகத்தை மண்ணடித்து மூடி நெடுஞ்சாலை போடத் துடிப்பவர்கள் முன்னால் அவள் காட்டவேண்டிய ஒரே சாட்சி அதுதான். போட்டோவெல்லாம் செல்லாது, செடியே வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். காப்பகம் வரை போய் இன்னொன்று எடுத்துவர நேரமும் இல்லை.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுஷனுக்கு ஃப்ரிட்ஜில் இருப்பதெல்லாம் தின்பதற்குத்தான்!

வாய்க்கு வந்தபடி திட்டினாள். பாதித் திட்டிலேயே அழுகை வந்துவிட்டது.

அவர் பதறிப்போய்ப் பின்வாசல் வழியே ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு கையும் நிறைய ஒரு கட்டு. வேரும் சேறுமாக, ஊதாப் பூவோடு, அச்சு அசல் அதே செடி.

"இதுக்குப் போயா அழற? தினம் நீ பூட்ஸ் கழுவுற இடத்துல, சாக்கடை ஓரமா மண்டிக் கிடக்கு."

அவள் பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

நான்கு வருஷமாகக் காப்பகத்துச் சேற்றையெல்லாம் கழுவி ஊற்றிய இடம். விதையும் சேர்ந்தே வந்திருக்கிறது. இது வெளியே தெரிந்தால் சாலைக்காரர்கள் சும்மா விடுவார்களா? சாக்கடையிலேயே வளர்கிற செடிக்குக் காப்பகம் ஒரு கேடா என்று கேட்பார்கள்.

கட்டிலிருந்து ஒரே ஒரு தண்டை உருவினாள். சேற்றைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சத்தையெல்லாம் வேரோட பிடுங்குங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள மொத்தத்தையும் வதக்கிடணும். பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடிகூடக் குடுக்கக் கூடாது!"