பீடத்தில் பூட்ஸ்

நாள் முழுக்கக் குந்தியபடி பிளாஸ்டர் இழைத்ததில் சிற்பிக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. ஆலை விபத்தில் செத்த தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டும் நினைவுச் சிற்றாலயத்தின் பீடத்துக்கு மாதிரிகள் தயார். இனி கல்லில் வடிக்க வேண்டியதுதான்.

பார்க்க வந்தவள், செத்தவர்களில் ஒருவனின் மனைவி. முழங்காலிட்ட தொழிலாளி உருவத்தின் காலையே முறைத்தாள்.

“அண்ணே, அந்த பூட்ஸை எடுத்துடுங்க. வெறுங்காலாச் செய்யுங்க.”

“வெளயாடுறியாம்மா? மடிப்பு மடிப்பா இழைச்சுக் கண்ணு பூத்துப் போச்சு. பீடத்துல செருப்புக்கால் ஆகாதுங்கிறியா? அதுக்கெல்லாம் சாமி கோவிச்சுக்காது.”

“சாமியை யாரு கேட்டா?”

சிற்பிக்குச் சுருக்கென்றது. மேசையிலிருந்த ரப்பர் பூட்ஸை எடுத்து அவள் முன் வைத்தார். “நானாக் கற்பனை பண்ணல. எல்லாரும் இதைத்தான் போட்டிருந்தாங்கன்னு மேனேஜரே மாதிரிக்குக் கொடுத்தாரு.”

அவள் அதைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

“போட்டிருந்தா எம் புருஷன் ஏன் சாகுறாரு? ஈரத் தரையில வெறுங்காலோட நின்னாரு, கரண்ட் பாய்ஞ்சிடுச்சு. பூட்ஸ் கேட்டப்பல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம்னாங்க. இப்பக் கல்லுல மாட்டிவிட்டா, கொடுத்ததா ஆயிடுமா?”

சிற்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுத்தியலை எடுத்து, பிளாஸ்டர் பூட்ஸை ஒரே போடாகப் போட்டு உடைத்தார்.

“அவரு கால் விரல் எப்படி இருக்கும்னு சொல்லும்மா,” என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். கம்பெனி அவள் புருஷனுக்குத் தர வேண்டிய ஒரு ஜோடி பூட்ஸ் இன்னும் பாக்கி.