மாடிவீட்டுப் பூனை

“என் பூனை மேல வீண்பழி போடாதீங்கம்மா!” கால்நடை ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினார் மாடிவீட்டுக்காரர். அவர் மடியில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

“எங்க பூனை போட்ட நாலு குட்டியும் இவனை மாதிரியே செம்பட்டை. வாலும் அதே கோணல். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?” கீழ்வீட்டம்மா குட்டிகள் இருந்த கூடையை மேசைமேல் வைத்தாள்.

“டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. இவனுக்குப் போன வருஷம் கருத்தடை பண்ணது நீங்கதானே?”

டாக்டரம்மா கூடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ஆமா, நான்தான் பண்ணேன்.”

கீழ்வீட்டம்மா முகத்தில் ஈயாடவில்லை. “மன்னிச்சிடுங்கண்ணே. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.”

“குட்டிங்களை நானே வளர்த்துக்கறேன்” என்றாள் டாக்டரம்மா. “இவனும் இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும். ஒரு தடவை பார்த்து அனுப்பறேன். காசெல்லாம் வேண்டாம்.”

“தங்கமான மனசும்மா உங்களுக்கு!” இருவரும் சமாதானமாகிப் போனார்கள்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுப் பூனையின் தொடையிடுக்கைத் தடவினாள். கொண்டைக்கடலை அளவில் ஏதோ விரலுக்கடியில் நழுவியது.

போன வருஷம் கருத்தடையில் அவள் எடுத்தது ஒரு விதையைத்தான். விதைப்பைக்குள் இறங்காமல் ஒளிந்திருந்த இன்னொன்றைத் தேடச் சோம்பல்பட்டு, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.