மேலே ஏறிய நான்கு

கணினியில் கணக்கு வினாத்தாள் தயாராகிக்கொண்டிருந்தது. சமன்பாட்டுப் பெட்டிக்குள் மூன்றும் நான்கும், நடுவில் ஒரு சாய்கோட்டை வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தட்டச்சு செய்கிறவள் ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் சாய்கோடு படுத்துக்கொண்டது. முன்னால் நின்ற மூன்று அதன்மேல் ஏறிவிட்டது. நான்கு கீழே போய்விட்டது.

"ஏண்டி, உன்னைவிடப் பெரியவள் நான். உன் காலடியில் கிடக்கணுமா?" என்றது நான்கு.

"நானா ஏறினேன், அக்கா? முன்னால் நின்றவளை மேலே வைக்கிறார்கள். முக்கால் என்றால் அப்படித்தானே?"

"அந்தப் பேரிலும் நீதான் முன்னால். எனக்கு வெறும் கால்!"



எழுத்து சிறிதாக இருக்கிறதென்று தட்டச்சு செய்கிறவள் அந்தப் பெட்டியில் இருந்ததை அழித்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். நான்கு இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றது.

"அக்கா, கணக்கே தப்பாகிவிடும். இந்த வினாவில் இருப்பது ஒரே ஒரு பூசணிக்காய். அதில் மூன்றில் நான்கு பங்கை எப்படி வெட்டுவது? பிள்ளைகள் திணறிப்போவார்கள்."

"திணறட்டும்."

ஸ்பேஸ் பார் மறுபடி விழுந்தது. நான்கு கோட்டின்மேல் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டது.

"இப்போ திருப்திதானே, அக்கா?" என்று கீழேயிருந்து கேட்டது மூன்று.

நான்கின் காதில் அது விழவில்லை. அடுத்த கணக்கில், எக்ஸின் தோள்மேல் பொடியாக ஓர் இரண்டு உட்கார்ந்திருந்தது.

"எனக்குச் சரிபாதி. உருவமோ கடுகளவு. அதை யாரடி அங்கே தூக்கி வைத்தது?"