மேபல் வீட்டு ரப்பர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம் வந்தாலே மேபல் வீட்டு ரப்பருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் மேபல் தன் ஜெப நோட்டில், "ஆண்டவரே, நாத்தனாரை மன்னித்துவிட்டேன்" என்று பென்சிலால் எழுதுவாள். மறுநாள் சர்ச்சில் நாத்தனார் வணக்கமாக ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் மேபல் அந்த வரியை அழித்துவிடுவாள்.

"என் உடம்புல பாதி போயாச்சு. கொஞ்சம் லேசா எழுதக் கூடாதா?" என்றது ரப்பர்.

"நான் என்ன செய்ய? எழுதும்போது அவ மனசாரத்தான் எழுதுறா. அந்த அழுத்தத்துல என் மூக்கே உடையுது," என்றது பென்சில்.

இந்த ஞாயிறும் மேபல் கோபமாக வந்து ரப்பரைத் தேய்த்தாள். கரி போய்விட்டது. ஆனால் ஒரே இடத்தில் எழுதி எழுதி, அந்த வரி காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் வாசிக்க முடிந்தது. மேபல் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, அந்தப் பள்ளத்தின் மேலேயே எழுதினாள்.

"தப்பிச்சேன், ஸ்தோத்திரம்," என்று ரப்பர் மூச்சுவிட்டது.

மேபல் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலை எடுத்தாள். "ஆண்டவரே, மாமியாரையும்..."

ரப்பர் சத்தம் காட்டாமல் உருண்டுபோய் பைபிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.