பாதி சோக்

மனைவி கோமளாவின் பேச்சைத் தட்ட முடியாமல், தில்லைராஜன் தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்கச் சம்மதித்தார். பார்க்க வந்தவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். கார் இருமியதே தவிர கிளம்பவில்லை. தில்லைராஜன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

“இனி உனக்குக் காயலான் கடைதான்,” என்றது பக்கத்தில் நின்ற புது வெள்ளைக் கார்.

சிவப்புக்கு உதறல் எடுத்தது.

தில்லைராஜன் ஏறி உட்கார்ந்தார். எப்போதும்போல சோக் குமிழைப் பாதி இழுத்து, டேஷ்போர்டைச் செல்லமாகத் தட்டி, சாவியைத் திருகினார். சிவப்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. கடற்கரை ரோட்டைச் சுற்றிவிட்டுத் தலை கலைந்து திரும்பினார்.

“பாதி சோக் இழுக்கணும்னு அந்த ஆள்கிட்ட அவர் சொல்லலையா?” என்று கேட்டது வெள்ளை.

“மறந்துட்டாராம். கோமளாம்மாகிட்ட அப்படிச் சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தார்,” என்றது சிவப்பு.