லைன் யார் பேரில்

செண்பகவல்லியின் போனில் காலையிலிருந்து சிக்னல் இல்லை. அவளுடைய நம்பர் வேறு யாருடைய போனிலோ வேலை செய்துகொண்டிருந்தது. போன் கம்பெனியின் கடையில், கவுண்டரில் இருந்த பெண் முதலில் அந்த சிம்மை முடக்கினாள். சேமிப்பு முழுக்கப் போய்விட்டது என்று பேங்கில் சொன்னபோதுகூட ஆடாமல் நின்ற கணவர், பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“கம்பெனிலேர்ந்து பேசுறேன்னு போன் பண்ணினவன் என்னெல்லாம் கேட்டான்மா?” என்று கேட்டாள் கவுண்டர் பெண்.

“சிம்மை மாத்தணும், இல்லேன்னா லைன் கட்டாயிடும்னான். மெசேஜ்ல வந்த நம்பரைக் கேட்டான். சொன்னேன்.” முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “லைன் யார் பேர்ல இருக்குன்னும் கேட்டான்.”

“அதை இவ சொல்லியிருக்க மாட்டா,” என்றார் கணவர். “கல்யாணம் ஆனதுலேர்ந்து என் பேரை இவ வாயால சொன்னதே இல்ல. ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டப்பகூட பேப்பர்ல எழுதித்தான் காட்டினா.”

கவுண்டர் பெண் சிரித்தாள். செண்பகவல்லி கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னேன்,” என்றாள். “இனிஷியலோட. சரியாக் கேக்கலைன்னான். மறுபடியும் சத்தமா சொன்னேன்.”

கணவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, உட்கார நாற்காலி தேடினார்.