கண்ணாடிக்குள் ராணி தலை

வீரபாண்டித் திருவிழாவில் ஜமீன் ராஜா தாம் சேர்த்த தபால்தலைகளையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டி, ஊருக்குக் காட்சி வைத்திருந்தார். அந்தப் பெருமையில் பாதி தனக்கும் உண்டென்று காவல்காரன் சுருளியாண்டிக்கு நினைப்பு.

வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பொரிகடலை வாங்கப் போய்விட்டார்கள். கிழவி ஒச்சம்மாள் மட்டும் காலையிலிருந்து மகாராணி தலை போட்ட ஒரு தபால்தலையையே கும்பிட்டபடி நின்றாள்.

“மகாராணி மேல இவளுக்கு எம்புட்டு பக்தி, பாத்தியாடா!” என்று ராஜா பூரித்துப்போனார்.

அவர் நகர்ந்ததும் சுருளியாண்டி அதட்டினான். “ஏ ஆத்தா, அம்மன் அங்கன இருக்கு. இங்கன என்ன கும்பிடு?”

“எம்மகன் கண்டியில இருந்து போட்ட கடுதாசியில இருந்ததுய்யா இது. படிச்சுக் காட்டுங்கன்னு அரமனைக்குக் கொண்டாந்தேன். ராசா இதைப் பிச்சு எடுத்துக்கிட்டாக.”

“கடுதாசி ஒங்கிட்டத்தான இருக்கு?”

“அது தோட்டத்துக் கங்காணி எழுதினது. எம்மகனுக்கு எழுத்துத் தெரியாது. இதை நாக்குல நனைச்சு ஒட்டினது மட்டுந்தான் அவன். பெறகு வாந்திபேதியில அங்கனயே போயிட்டான். அவன் எச்சி இதுக்குப் பின்னால இருக்குமில்லய்யா?”

“இருக்கும் ஆத்தா” என்றான், திருவிழாவுக்காக அத்தனை தபால்தலைகளையும் வெந்நீரில் ஊறவைத்து, பின்பக்கப் பசையைப் பொட்டுகூட மிச்சமில்லாமல் கழுவியெடுத்த சுருளியாண்டி.